வெள்ளை வளையம்

ரத்தத்தைப் பிரிக்கும்போது சென்ட்ரிஃபியூஜில் பிரேக் போடக் கூடாது. இந்தத் தொழிலில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இதுதான்.

குழாயின் அடியில் ஃபைகால் என்ற நிறமற்ற திரவத்தை ஊற்றி வைப்போம். குழாயைச் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் ரத்தத்தை ஓரமாக வழியவிட வேண்டும். ஒரு சொட்டுகூட உள்ளே அமிழக் கூடாது. பிறகு அரை மணி நேரம் சுற்றவிட வேண்டும். சுற்றி முடிந்ததும் இயந்திரம் தானாக வேகம் தணிந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரமாக பிரேக் போட்டு நிறுத்தினால் குழாய் குலுங்கும். பிரிந்த அடுக்குகள் மறுபடியும் கலந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் நான் அந்தத் தவறைச் செய்தேன். வேறொரு வேலைக்காகப் போட்டிருந்த பிரேக்கைக் கவனிக்காமல் மூடியைச் சாத்திவிட்டேன். 30 மில்லி ரத்தம். மறுநாள் அறுவை சிகிச்சைக்குப் போகவிருந்த ஒருவர் கொடுத்தது. குழாயை வெளியே எடுத்தபோது கலங்கிய சிவப்பு மட்டுமே இருந்தது. என் மேலதிகாரி சத்தம் போடவில்லை. "இது ஒருத்தர் நம்மள நம்பிக் கையை நீட்டிக் கொடுத்தது. திரும்பப் போய்க் கேட்க முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார். 20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றுவரை பிரேக் எண் பூஜ்ஜியத்தில் இருப்பதை விரலால் தொட்டுப் பார்க்காமல் நான் மூடியைச் சாத்தியதில்லை.

சரியாகச் சுற்றிய குழாய் அழகாக இருக்கும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. அடியில் படிந்த சிவப்பணுக்கள். இடையில் தெளிந்து நிற்கும் ஃபைகால். பிளாஸ்மாவும் ஃபைகாலும் சந்திக்கும் இடத்தில், இளநீர் வழுக்கையைச் சீவி வைத்ததுபோல் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று மிதக்கும். 10 மில்லி ரத்தத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி வெள்ளையணுக்கள் அந்த வளையத்தில் கிடைக்கும். அவற்றைப் புற்றுநோயைக் கொல்லத் தூண்ட முடியுமா, எப்படித் தூண்டுவது என்று பார்ப்பதுதான் என் வேலை.

*

நான் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். பாட்டி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து, இருட்டோடு வரிசைக்குப் போய்விடுவார். இடுப்பில் சுருக்குப் பை. அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. தூக்கத்தை விரட்ட அதுதான், பசியை அடக்க அதுதான், கொசுக்கடியை மறக்கவும் அதுதான். வேலை முடிந்து லயத்துக்கு வந்த பிறகும் இடது கன்னத்தில் அது ஒதுக்கியே இருக்கும். சில நாள் அப்படியே தூங்கிவிடுவார்.

அந்த இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு இருந்ததைச் சிறுமியாக இருந்தபோதே நான் பார்த்திருக்கிறேன். பாட்டி சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். வெட்கம் என்று நினைத்திருந்தேன். பிறகு மூன்று விரல் நுழைய வேண்டிய வாய் ஒரு விரலுக்குச் சுருங்கியது. சோறு கஞ்சியானது. கழுத்தில் நெறி கட்டியபோதுதான் கிள்ளான் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். நான் ஐந்தாம் படிவம் படித்த வருடம் பாட்டி போய்விட்டார்.

பிறகு மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படிக்கக் கோலாலம்பூருக்கு வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார அக்கா காலையில் பூக்கட்டிக்கொண்டே, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தவறாமல் இன்னொரு கேள்வியும் கேட்பார். "காய்ச்சல் வந்தா வெள்ளையணு சண்டை போடுதுன்னு சொல்றாங்க. அப்ப இந்தப் புத்துநோய மட்டும் ஏன் விட்டுடுது?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த வேலைக்கு என்னை இழுத்து வந்தது அந்தக் கேள்விதான்.

*

டி செல் என்ற வகை வெள்ளையணு எதையும் பார்த்த மாத்திரத்தில் கொல்வதில்லை. கொல்லும் திறமை அதற்கு உண்டு. ஆனால் கொல்வதற்கு முன் ஒருவர் காட்ட வேண்டும், ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். புற்றுநோய் வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. நம் உடம்பின் செல்லே தடம் மாறி வளர்வது. நம்முடையதைத் தொடாதே என்று சொல்லித்தான் உடம்பு தன் டி செல்களை வளர்க்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில், சொந்த உடம்பைக் கடுமையாகத் தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவை முளையிலேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வருபவற்றை அடக்கி வைப்பதற்கென்றே ஒரு வகை டி செல்லும் இருக்கிறது. அதை 1995-இல் அடையாளம் காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி, 2025-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் நம் வெள்ளையணுக்கள் நம்மையே தின்றுவிடும். புற்றுநோய் ஒளிந்துகொள்வது இந்தக் கட்டுப்பாட்டின் நிழலில்தான்.

அப்படியானால் முதலில் காட்டுபவர் யார்? அது டென்ட்ரிட்டிக் செல். 1973-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன், தம் ஆசிரியர் ஸான்வில் கோனுடன் சேர்ந்து எலியின் மண்ணீரலில் கண்டு சொன்னது. உடம்பின் சதையில் திரியும் இந்தச் செல், அங்கே செத்து உதிர்ந்தவற்றை விழுங்கி, சிறு சிறு துண்டுகளாக்கி, அந்தத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்கு நடக்கிறது. காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அங்கே நடப்பது இதுதான். டென்ட்ரிட்டிக் செல் கொண்டுவந்து காட்டியதைப் பார்த்து டி செல்கள் பெருகும்போது கணு வீங்குகிறது. பாட்டியின் கழுத்தில் கட்டிய நெறி வேறு. அங்கே புற்றுநோயே போய் இறங்கிவிட்டது.

இந்தச் செல்லை வளர்ப்பது என் கைப்பழக்கத்தில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி. வெள்ளை வளையத்தில் எடுத்த அணுக்களைப் பிளாஸ்டிக் தட்டில் இட்டு இரண்டு மணி நேரம் விட்டால், மோனோசைட் என்ற வகை அணுக்கள் மட்டும் அடியில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றை மெல்லக் கழுவி எடுத்து வைத்துக்கொள்வோம். ஒட்டியவற்றுக்கு ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-4 என்ற இரண்டு புரதங்களைக் கொடுத்து, 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கரியமில வாயுவும் உள்ள பெட்டியில் வைப்போம். ஐந்தாறு நாளில் அவை பிடி விட்டு மிதக்கத் தொடங்கும். அதன் பிறகு ஆபத்து என்று அறிவிக்கும் சேர்மங்களைக் கொடுத்தால், ஒரே இரவில் உருண்டைச் செல்லின் உடம்பெங்கும் விரல்கள் முளைத்துவிடும். மரக்கிளைபோல் இருப்பதால்தான் கிரேக்கத்தில் மரத்தைக் குறிக்கும் சொல்லால் அதற்குப் பெயர் வைத்தார் ஸ்டைன்மன்.

ஆபத்து அறிவிப்பு முக்கியம். அது கிடைக்காத டென்ட்ரிட்டிக் செல்லும் துண்டுகளை ஏந்தத்தான் செய்யும். ஆனால் அது காட்டுவதைப் பார்த்த டி செல், "இது நம்மைச் சேர்ந்தது, விட்டுவிடு" என்றே கற்றுக்கொள்ளும். மெல்ல மெல்ல வளரும் கட்டி எந்தப் பரபரப்பையும் கிளப்புவதில்லை. வீட்டுக்கார அக்காவின் கேள்விக்கு முதல் பதில் இதில் இருக்கிறது.

*

2000-களின் நடுவில் நாங்கள் வாரக்கணக்காக ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தோம். ஒருவருடைய டி செல்களை இரண்டு தட்டுகளில் பிரித்து வைப்போம். முதல் தட்டில், டி செல் எதிரியை அறியப் பயன்படுத்தும் ஏற்பியை மட்டும் தொடும் எதிர்ப்பொருள். இரண்டாவது தட்டில் அதோடு சிடி28 என்ற இன்னொரு புரதத்தையும் தொடும் எதிர்ப்பொருள்.

நாங்கள் பயன்படுத்தும் ஊட்டநீர் சிவப்பு கலந்த ரோஜா நிறத்தில் இருக்கும். செல்கள் உழைத்து அமிலத்தை வெளியேற்றினால் ஆரஞ்சாகி, பிறகு மஞ்சளாகும். மூன்றாம் நாள் காலை இன்குபேட்டரைத் திறந்தால் நுண்ணோக்கியே தேவையில்லை. இரண்டாவது தட்டு மஞ்சள். முதல் தட்டு ஏறக்குறைய வைத்த நிறத்திலேயே இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டாவது தட்டின் டி செல்கள் திராட்சைக் கொத்துபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இருமடங்கு பருத்து, பெருகிக்கொண்டிருக்கும். முதல் தட்டில் சிறு புள்ளிகளாகத் தனித்தனியே கிடக்கும். அந்தப் புள்ளிகளுக்குப் பிறகு முழுத் தூண்டுதலும் கொடுத்தாலும் பல எழுவதில்லை. மரத்துப்போய்விடுகின்றன.

டி செல் எழுவதற்கு இரண்டு சைகைகள் வேண்டும் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். மஞ்சளான தட்டைக் கையில் பிடித்த அன்றுதான் அது எனக்குப் புரிந்தது. எது எதிரி என்று காட்டுவது முதல் சைகை. அது உண்மையிலேயே ஆபத்து என்று உறுதி சொல்வது இரண்டாவது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடியது முதிர்ந்த டென்ட்ரிட்டிக் செல். அதோடு ஐஎல்-12 போன்ற மூன்றாவது தூண்டலும் சேரும்போது, அந்த டி செல் கொலைத்தொழிலில் தேர்ந்த செல்லாக மாறுகிறது.

இன்று பெரிதாகப் பேசப்படும் கார்-டி சிகிச்சை இந்தப் பாடத்தின் மேல் எழுந்ததுதான். டி செல்லை வெளியே எடுத்து, செயற்கையாகச் செய்த ஏற்பி ஒன்றைப் பொருத்தி உடம்புக்கே திருப்பி விடுவது அதன் முறை. ஆரம்ப கால ஏற்பிகளில் முதல் சைகை மட்டுமே இருந்தது. அந்தச் செல்கள் உடம்பில் நிலைக்கவில்லை. இரண்டாவது சைகையையும் அதே ஏற்பிக்குள் சேர்த்த பிறகுதான் நோயாளிகள் பிழைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 2017-இல் முதல் கார்-டி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு இந்தியா 2023-இல் அனுமதி அளித்தது. இவை ரத்தப் புற்றுநோய்களுக்கானவை. வாயிலும் மார்பிலும் வளரும் கெட்டிக் கட்டிகளுக்கு அந்த வழி இன்னும் கடினமாகவே இருக்கிறது.

*

கொலையைக் கண்ணால் பார்க்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. நாங்கள் வளர்த்த டி செல்கள் பெருகும், மஞ்சளாக்கும், ஆனால் புற்றுநோய்ச் செல்லைத் தொடாது. பத்து லட்சம் டி செல்களில் ஒன்றிரண்டுதான் ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணும். அந்த ஒன்றிரண்டைக் கண்டுபிடித்துப் பெருக்குவதற்குள் மற்றவை தட்டை நிரப்பிவிடும். இன்னொரு சிக்கல் எச்எல்ஏ. செல்கள் தங்கள் உள்ளே இருக்கும் புரதத் துண்டுகளை எச்எல்ஏ என்ற தாங்கியில் வைத்துத்தான் வெளியே காட்டும். அந்தத் தாங்கி ஆளுக்கு ஆள் வேறு. மேற்கு நாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் ஏ2 என்ற வகையை வைத்தே நடந்திருந்தன. எங்களிடம் வரும் மலாய், சீன, தமிழ் முகங்களுக்குப் பின்னால் ஏ11-ம் ஏ24-ம் நிறைய இருந்தன. அயலூர்ச் சாவியை எடுத்து வந்து நம் வீட்டுப் பூட்டில் திருகிக்கொண்டிருக்கிறோம் என்று ஒருநாள் என் மேலதிகாரி சொன்னார்.

கடைசியில் ஒரு மாலை வாய்த்தது. கேமரா பொருத்திய நுண்ணோக்கியின் கீழ், தோசைபோல் பரந்து தட்டில் ஒட்டியிருந்தது ஒரு வாய்ப்புற்றுநோய்ச் செல். அதைவிடப் பல மடங்கு சிறிய டி செல் ஒன்று ஊர்ந்து வந்து அதன் ஓரத்தைத் தொட்டது. நின்றது. உருண்டையாக இருந்தது தட்டையாகி, உள்ளங்கையை அழுத்தி வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டது. அந்த இறுக்கத்துக்குள் அது பெர்ஃபோரின் என்ற புரதத்தால் எதிரியின் சவ்வில் துளையிடுகிறது; கிரான்சைம் என்ற நொதியை உள்ளே அனுப்புகிறது. அந்த நொதி, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டை முடுக்கிவிடுகிறது. சில நிமிடங்களில் புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பு கொதிக்கும் கஞ்சிபோல் குமிழிட்டது. சுருங்கியது. நாங்கள் கலந்திருந்த சாயம் உள்ளே புகுந்து அது சிவந்தது. டி செல் கழன்று அடுத்ததை நோக்கி ஊர்ந்தது.

நான் அந்தப் படத்தை அன்று ஏழெட்டு முறை பார்த்தேன். அந்த வாய்ப்புற்றுநோய்ச் செல் யாரோ ஒரு மலேசியரின் வாயிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது. ஓஆர்எல்-48 போன்ற பெயர்களில் இந்தச் செல் வரிசைகளை உருவாக்கியவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்கள்தான். வெற்றிலை பாக்குப் போட்டவர்களின் கட்டிகளிலிருந்து வந்தவையும் அவற்றுள் உண்டு. அவற்றுக்கு ஊட்டநீர் மாற்றும்போதெல்லாம் எனக்குப் பாட்டி நினைவு வரும். வந்தே தீரும்.

*

அப்படிக் கொல்லத் தெரிந்த செல்லும் கட்டிக்குள் நுழைந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவது உண்டு. எழுப்பப்பட்ட டி செல் தன் மேல் பிரேக்குகளையும் வைத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் சண்டை ஓயாது. சிடிஎல்ஏ-4 ஒரு பிரேக். பிடி-1 இன்னொன்று. புற்றுநோய்ச் செல் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன் மேல் பரப்பி வைத்து, தன்னைத் தொடவரும் டி செல்லின் பிடி-1 பிரேக்கை அழுத்திவிடுகிறது. அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசன் சிடிஎல்ஏ-4-ஐ மறைத்தால் எலிகளின் கட்டி கரைவதை 1996-இல் காட்டினார். ஜப்பானியர் தசுகு ஹோஞ்சோ பிடி-1-ஐ 1992-லேயே கண்டெடுத்திருந்தார். 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்த அன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் வடையும் தே தாரேக்கும் வாங்கிக் கொடுத்தோம்.

இந்த பிரேக்கை எடுக்கும் மருந்துகள் இன்று தலை, கழுத்துப் புற்றுநோய்க்கும் உண்டு. தனியாகக் கொடுத்தால் ஐந்தில் ஒருவருக்கு அளவில்தான் கட்டி நன்றாகச் சுருங்குகிறது. யாருக்குச் சுருங்குகிறதோ அவர்களில் சிலர் வருடக்கணக்கில் நலமாக இருக்கிறார்கள். பிரேக் எடுத்த டி செல் குடலையோ நுரையீரலையோ தைராய்டையோ தாக்குவதும் உண்டு; அதனால் மருத்துவர்கள் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டியிருக்கிறது. விலையோ தோட்டத்துக் குடும்பங்களுக்கு எட்டாதது. இந்த இடத்தில்தான் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2022-இல் வெளியிட்ட ஆய்வு என் மனதுக்கு மிக நெருக்கமாகிறது. வழக்கமாக 240 மில்லிகிராம் கொடுக்கப்படும் நிவோலுமாப் மருந்தில் வெறும் 20 மில்லிகிராமை, விலை குறைந்த மூன்று மாத்திரைகளோடு சேர்த்து அவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரைகள் மட்டும் பெற்ற, நோய் முற்றிய நோயாளிகளில் ஒரு வருடம் கடந்தவர்கள் 16.3 சதவீதம். சிறு அளவு நிவோலுமாபும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய்களை நாள்தோறும் பார்க்கும் மருத்துவர்களுக்குத்தான் சிறு அளவே போதாதா என்ற கேள்வி தோன்றியது.

பிரேக்கை எடுத்தால் மட்டும் போதாது, ஓடுவதற்கு வண்டி வேண்டும். கட்டியின் அடையாளம் தெரிந்த டி செல் ஒன்றுகூட இல்லாதவருக்கு இந்த மருந்து என்ன செய்யும்? அதனால்தான் தடுப்பூசி பற்றிய முயற்சிகள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மருத்துவர் தங்கராஜன் ராஜ்குமாரின் குழு, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு நோயாளியின் சொந்த டென்ட்ரிட்டிக் செல்களையே தடுப்பூசியாக்கிச் சிறு அளவில் சோதித்து 2014-இல் வெளியிட்டது. இங்கே சுபாங் ஜெயாவில் கேன்சர் ரிசர்ச் மலேசியாவின் பேராசிரியர் சியோங் சொக் சிங், டாக்டர் லிம் குவே பெங் ஆகியோர் வாய், தொண்டைக் கட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் மேஜ்டி4பி, எஃப்ஜேஎக்ஸ்1 என்ற இரண்டு புரதங்களைப் பற்றி நெடுங்காலம் உழைத்து வருகிறார்கள். பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவற்றை டிஎன்ஏ தடுப்பூசியாக்கினார்கள்.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த இரண்டு புரதங்களோடு டெட்டனஸ் நச்சின் தீங்கற்ற ஒரு துண்டையும் ஒட்டியிருக்கிறார்கள். குழந்தையாக இருந்தபோது நாமெல்லாம் டெட்டனஸ் ஊசி போட்டவர்கள். அதை நினைவில் வைத்திருக்கும் உதவி டி செல்கள் உடம்பில் இருக்கின்றன. தெரிந்த துண்டைக் கண்டதும் அவை ஓடிவந்து, டென்ட்ரிட்டிக் செல்லுக்கு வேண்டிய ஆபத்து உறுதியைக் கொடுக்கின்றன. அந்தச் சூட்டில் பக்கத்தில் இருக்கும் புற்றுநோய்த் துண்டும் எதிரியாக அறியப்படுகிறது. எலிகளில் இந்தத் தடுப்பூசி கட்டியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தியது. பிடி-1 பிரேக்கை எடுக்கும் மருந்தோடு கொடுத்தபோது பலன் கூடியது. 2021-இல் அது வெளியானபோது நான் கோமுட்டர் ரயிலில் உட்கார்ந்து படித்தேன். ஷா ஆலாம் தாண்டும்போது கண் கலங்கிவிட்டது. காட்டுபவரும், உறுதி சொல்பவரும், கொல்பவரும் ஒரே ஊசியில் யோசிக்கப்பட்டிருந்தார்கள். நம் வாய்களுக்காக யோசிக்கப்பட்டிருந்தார்கள்.

*

இந்த அறிவைச் சிலர் சந்தைச் சரக்காக்கிவிட்டதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், நான்காம் கட்ட நோயில் இருந்த தகப்பனாருக்காக வீட்டை அடகு வைத்து, "இயற்கைக் கொல்லி செல்" ஊசிகள் போட்டது. இயற்கைக் கொல்லி செல் கற்பனையல்ல. எச்எல்ஏ தாங்கியை மறைத்து டி செல்லிடமிருந்து தப்பும் கட்டியை, தாங்கி இல்லை என்ற காரணத்துக்காகவே தாக்கக்கூடிய அருமையான செல் அது. ஆனால் அந்த மனிதருக்கு என்ன செல் போட்டார்கள், எத்தனை போட்டார்கள், அவை உயிரோடு இருந்தனவா என்பதைக் காட்டும் ஒரு தாள்கூட அந்தக் குடும்பத்திடம் இல்லை. நான் கேட்டபோது மகன் தலை குனிந்து நின்றான். "அப்பாவுக்காக ஏதாச்சும் செய்யணும்னு தோணுச்சுக்கா" என்றான். அந்த வேளையில் அவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அடுத்த குடும்பத்துக்கு இரண்டு கேள்விகளைச் சொல்லித் தர எனக்குக் கடமை இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ-வில் இது பதிவானதா? பதிவாகாவிட்டால், நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வா? முறையான ஆய்வில், சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்பது வழக்கமில்லை. இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

*

சில வருடங்களுக்கு முன் கிள்ளானிலிருந்து ஒரு பெரியம்மா ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வந்தார். கன்னத்தில் அறுவை சிகிச்சை முடிந்து தேறியவர். குழாய் நிறைவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இத வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"உங்க வெள்ளையணுவுக்குப் புத்துநோய அடையாளம் காட்டப் போறோம் பெரியம்மா."

"அதுக்கே தெரியாதா?"

"யாராச்சும் காட்டினாத்தான் தெரியும்."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். "எனக்கும் அப்படித்தான். பல் டாக்டரு வாயத் திறக்கச் சொல்லிக் காட்டலன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது."

அன்று மாலை முழுக்க அந்தச் சொல் என்னோடு இருந்தது. பாட்டி முந்தானையால் மூடியது வெட்கத்தால் அல்ல என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவர் அந்தத் திட்டை அறிந்திருந்தார். காட்டினால் என்ன சொல்வார்களோ என்ற பயம். பேத்தி நான் பார்த்தேன், ஆனால் யாரிடமும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு செல்லை எழுப்ப எத்தனை சைகைகள் வேண்டும் என்று ஆயுள் முழுக்கப் படித்தவள் நான். எங்கள் வீட்டில் முதல் சைகையே கொடுக்கப்படவில்லை.

மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, அதிகம் என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டியிருக்கிறது. புகையிலை சேராமல் தனியாகப் போட்டாலும், பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே முடிவு சொல்லிவிட்டது. தாம்பூலத் தட்டு மங்கலம்தான்; அதை நான் குறை சொல்லவில்லை. தட்டில் இருக்கட்டும், கன்னத்தில் ஒதுக்க வேண்டாம். வாயின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து நிபுணருக்கு அனுப்பும் மெமோசா என்ற செயலியைக்கூட சுபாங் ஜெயா ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அரசு பல் மருத்துவ நிலையம் பல ஊர்களில் பக்கத்திலேயே இருக்கிறது.

நான் வளர்க்கும் செல்கள் ஒருநாள் மருந்தாகும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் சிறிய கட்டியை வெல்வது போல் பெரிய கட்டியை வெல்வது எந்த டி செல்லுக்கும் எளிதல்ல. அதனால் இதைப் படிப்பவரிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு பல் துலக்கும்போது கண்ணாடி முன் விளக்கைப் போட்டு வாயை நன்றாகத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கின் அடி. வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்காவிட்டால், பல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். வீட்டில் வெற்றிலைப் பையோடு ஒரு பாட்டி இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயையும் பாருங்கள். அவர் முந்தானையை எடுத்து மூடினால், மெல்ல விலக்கிப் பாருங்கள்.